தாய்ச்சியும் சல்சாவும் ஒரே உடம்பில்

வாசகர் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. யாங்கூனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு சீனர்கள் அதிகம் வாழும் லத்தா பகுதிக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம் படிக்கும்போதே, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சீனப் பெரியவரிடம் தாய்ச்சி என்ற மெதுவான சீனத் தற்காப்புக்கலையைக் கற்க ஆரம்பித்தேன். அவரை ஸயா, அதாவது ஆசிரியர், என்றுதான் கூப்பிடுவேன். இன்றும் காலையில் அவர் குழுவோடு செய்கிறேன். மூன்று வருஷமாக சல்சா என்ற லத்தீன் நடன வகுப்புக்கும் போகிறேன். இப்போது இரண்டையும் கலந்து ஆடிப் பார்க்கிறேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி ஆடும்போதுதான் நான் நானாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் ஸயாவிடம் காட்டினால், "இடுப்பு அலைகிறது, வேர் போய்விட்டது" என்கிறார். சல்சா டீச்சரோ, "தூக்கத்தில் ஆடுவது போல இருக்கிறது" என்கிறார். "இதென்ன அத்தோ நூடுல்ஸா, எல்லாத்தையும் போட்டுப் பிசைய?" என்பது அம்மா. சின்ன வயதில் கோயிலில் கொஞ்சம் பரதம் படித்தேன், அதையாவது ஆடு என்கிறார். தாத்தா சிலம்பம் ஆடியவர். வரும் பொங்கல் விழாவில் ஏதாவது ஆடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வது கலைதானா, வெறும் குழப்பமா? ஸயாவின் அனுமதி இல்லாமல் மேடையில் ஆடலாமா? இதை ஓர் உருப்படியாக ஆக்குவது எப்படி? அப்புறம் ஒரு சின்ன விஷயம், வலது முழங்காலின் உள்பக்கம் கொஞ்சம் வலிக்கிறது. ஒரு வீடியோ இணைத்திருக்கிறேன்.

நடன ஆசிரியையின் பதில்:

தங்கச்சி, சின்ன விஷயம் என்று கடைசிக்குத் தள்ளிவிட்டீர்களே, அந்த முழங்காலிலிருந்தே தொடங்குகிறேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலதுகாலை நன்றாக மடக்கி, தாழ்ந்து நின்ற நிலையிலேயே சல்சாவின் சுழற்சியைப் போடுகிறீர்கள். அதுவும் சிமெண்ட் தரையில், ரப்பர் அடி வைத்த ஷூவோடு.

தாய்ச்சியில் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். ஆனால் பாதத்தைத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் எடையை மற்ற காலுக்கு மாற்றி, சுமை இறங்கிய பாதத்தைத் திருப்புவோம். சல்சாவில் எடை முழுக்க ஒரே காலில் இருக்கும்போதுதான் சுழல்வோம். ஆனால் அங்கே கால் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும், உடம்பு பாதத்தின் முன்பகுதியில் நிற்கும், ஷூவின் அடி வழுக்கிக் கொடுக்கும். நீங்கள் தாய்ச்சியிலிருந்து மடங்கிய முழங்காலையும் சல்சாவிலிருந்து முழு எடைச் சுழற்சியையும் எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, தொடை திரும்புகிறது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். அது முக்கியமாக மடக்கவும் நீட்டவும் அமைந்த மூட்டு. சுமையோடு முறுக்கினால் உள்பக்கத்து நாரும் ஜவ்வும்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஆகவே தாழ்ந்து நில்லுங்கள், அல்லது சுழலுங்கள். இரண்டும் ஒரே நொடியில் வேண்டாம். மெல்லிய தோல் அடி உள்ள தட்டையான நடன ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு தாய்ச்சியின் தாழ்ந்த நிலைக்குப் போகவே கூடாது. வீக்கம் இருந்தாலோ, முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவுவது போல இருந்தாலோ பொங்கலை மறந்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இதை முதலில் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கலவையில் உள்ள சிக்கலை முழங்கால்தான் சரியாகப் பிடித்திருக்கிறது. நீங்கள் உருவங்களைக் கலக்கிறீர்கள். மேலே கைகள் வெண்கொக்கு சிறகை விரிக்கும் தாய்ச்சி அசைவைச் செய்கின்றன, கீழே கால்கள் சல்சாவின் அடிப்படை அடியைப் போடுகின்றன. கைக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் உடம்பு, யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நிற்கிறது. உங்கள் இரண்டு ஆசிரியர்களும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். ஒருவர் இடுப்பைப் பார்த்துச் சொன்னார், மற்றவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

சரி, கலக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு வருவோம். ஸயா குங்ஃபூ ஆள் என்றால் அவருக்கு புரூஸ் லீயைப் பற்றி நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1958-இல் அந்தப் பையன் ஹாங்காங்கின் சா-சா நடன சாம்பியன் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். இப் மேன் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்ற குங்ஃபூ பாணியைக் கற்றுக்கொண்டிருந்த வயது அது. நூற்றெட்டு சா-சா அடிகளின் பட்டியலை எழுதி பர்ஸில் வைத்திருந்தாராம். 1959-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது வழியெல்லாம் பயணிகளுக்கு சா-சா சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனார். அந்த சா-சாவும் அப்போது புத்தம் புதுசு. 1950-களின் தொடக்கத்தில் கியூபாவின் ஹவானாவில் என்ரிக்கே ஹொரின் என்ற வயலின் கலைஞர் உருவாக்கியது. சில வருஷத்துக்குள் உலகத்தின் மறுபாதியில் ஒரு குங்ஃபூ பையனின் காலில் ஏறிவிட்டது. பின்னாளில், 1971-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தனக்குத் தற்காப்புக்கலை என்பது கடைசியில் தன்னை நேர்மையாக வெளிப்படுத்துவதுதான் என்ற பொருளில் பேசினார். ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய சண்டையில் எங்கேயும் சா-சாவின் அடி அப்படியே வந்து நிற்காது. தாளத்தை உடைத்து எதிராளியை ஏமாற்றும் அந்தக் காலின் லேசுதான் தெரியும். அதில் நடனத்துக்குப் பங்கில்லை என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது.

சீனமும் லத்தீனும் சந்தித்தது அதற்கும் முந்தைய கதை. 1847-இல் சீனக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் ஹவானா வந்து சேர்ந்தது. பிறகு பல்லாயிரக்கணக்கானவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். நம் முன்னோர் மேஸ்திரி கணக்கில் கடன்பட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தச் சீனர்களோடு சுவோனா என்ற ஊதுகருவியும் போனது. நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுவது. பர்மியரின் ஹ்னேயும் அதே குடும்பம்தான். இன்று சாந்தியாகோ தே கூபா நகரத்துத் திருவிழாவில் கொங்கா ஊர்வலம் போனால், ஆப்பிரிக்க வழி முரசுகளுக்கு மேலே கூவிக்கொண்டு முன்னால் போவது அந்தச் சீனக் குழல்தான். அங்கே அதற்குப் பெயரே சீனக் கொம்பு. அதைச் சீன இசை என்று அந்த ஊரில் யாரும் ஒதுக்கிவைப்பதில்லை.

சண்டையும் ஆட்டமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். சண்டையையே நடனமாக ஆடும் பிரேசிலின் கபோய்ராவை விட்டுவிடுங்கள். பொங்கல் முடிந்து சில வாரத்தில் சீனப் புத்தாண்டு வந்துவிடும். உங்கள் தெருவிலேயே சிங்க ஆட்டம் நடக்கும். அந்தத் துணிக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் குங்ஃபூ பழகும் பிள்ளைகள், கால் நிற்பது குதிரை நிலையில், நடத்துவது முரசு. லெட்வே பார்த்திருப்பீர்கள். கையுறை இல்லாமல், கைகளில் துணி சுற்றிக்கொண்டு, தலையால்கூட முட்டலாம் என்ற விதியோடு நடக்கும் குத்துச்சண்டை. அப்படிப்பட்ட சண்டைக்காரர் களத்தில் இறங்கியதும் முதலில் ஆடுகிறார், ஜெயித்தால் மறுபடி ஆடுகிறார். ஓரத்தில் உட்கார்ந்து முரசும் ஹ்னேயும் வாசிக்கிறார்கள். உங்கள் தாத்தாவும் கம்பை எடுத்ததும் நேராக வீசியிருக்க மாட்டார். வணக்கம் சொல்லும் சலாம் வரிசை போட்டுவிட்டுத்தான் தொடங்கியிருப்பார். அதைப் பார்த்தவர்கள் சண்டை என்றா சொன்னார்கள், "என்ன அழகா ஆடுறார்" என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

ஆகவே கலப்பதில் தப்பில்லை. எதைக் கலக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். இனி உடம்புக்கு வருவோம்.

தாய்ச்சியில் நிறைந்த கால், காலியான கால் என்று ஸயா ஓயாமல் சொல்லியிருப்பார். இரண்டு காலிலும் பாதிப் பாதி எடை வைத்துக்கொண்டு நகரப் பார்ப்பதுதான் புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. சல்சாவில் புதியவர்களின் பிழை என்ன? அதேதான். அடி வைப்பார்கள், எடையை மாற்ற மாட்டார்கள். பிறகு இடுப்பு ஆடவில்லையே என்று இடுப்பைப் பிடித்து ஆட்டுவார்கள். லத்தீன் நடனத்தில் இடுப்பின் அசைவு கீழேயிருந்து வருகிறது. ஒரு காலில் எடை முழுக்க ஏறி அந்த முழங்கால் நிமிர, மற்ற முழங்கால் தளர, இடுப்பு தானாகப் பக்கவாட்டில் போய் உட்காரும். வீடியோவில் நீங்கள் இடுப்பை ஆட்டுகிறீர்கள், கால் கொடுக்கவில்லை. ஸயா வேர் போய்விட்டது என்றது இதைத்தான். எடையை முழுக்க மாற்றினால் அவருக்கு வேர் கிடைக்கும், சல்சா டீச்சருக்கு இடுப்பு கிடைக்கும்.

இன்னொரு ஒற்றுமை தலை. இரண்டிலும் தலை ஒரே உயரத்தில் போக வேண்டும். ஜன்னல் கம்பிக்கு முன்னால் நின்று ஆடி, தோழி ஒருத்தியை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தலை கம்பியைத் தாண்டி ஏறி இறங்கினால் எடை எங்கோ தடுக்குகிறது என்று அர்த்தம்.

பயிற்சிக்கு ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். மேகக் கைகளை எடுக்கலாம். தாய்ச்சியில் நேராகப் பக்கவாட்டில் நகரும் அசைவு அது, இடுப்பு திரும்பக் கைகள் பின்னால் வரும். முதலில் எப்போதும் போல, பாட்டில்லாமல் செய்யுங்கள். அடுத்து அதே கால்களை ரும்பா என்ற மெதுவான லத்தீன் நடனத்தின் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். போட்டி நடனத்தின் ரும்பா நிமிடத்துக்கு 100 முதல் 108 அடி ஓடும். சல்சா சாதாரணமாக அதைவிட எவ்வளவோ வேகம், நேராக அங்கே குதித்தால் கைகள் மேகமாக இருக்காது, கொசு விரட்டும். ரும்பா வேகத்தில் கால் பழகியதும், எடை ஏறிய முழங்காலை மெல்ல நிமிர விடுங்கள். அவ்வளவுதான். கைகளில் எதையும் மாற்ற வேண்டாம். தாய்ச்சியாக இருந்தது எந்த இடத்தில் வேறொன்றாகிறது என்று உங்களுக்கே தெரியும். சில வாரம் இது ஒன்றையே செய்யுங்கள். அலுத்துப்போகும், பரவாயில்லை.

இப்போது வேற்றுமைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தாய்ச்சியில் முன்னால் வைக்கும் கால் குதிகாலில் இறங்கும், சல்சாவில் பாதத்தின் முன்பகுதியில். தாய்ச்சியில் மார்பு சற்று உள்வாங்கியிருக்கும், முழங்கை தொங்கும், பார்வை கையோடு போகும். லத்தீனில் மார்பு நிமிரும், கை நீளும், பார்வை எதிரே இருப்பவர் மேல் இருக்கும். தாய்ச்சியில் முழங்கால் ஒருபோதும் முழுக்க நிமிராது. லத்தீனில் நிமிர்ந்தால்தான் ஆட்டமே. உங்கள் வீடியோவில் இவை எல்லாவற்றையும் பாதிப் பாதி செய்து சமாதானம் பண்ணியிருக்கிறீர்கள். மார்பு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கண்கள் எங்கேயோ நடுவில், தரையில். சல்சா டீச்சர் தூக்கம் என்றது அந்தக் கண்களை.

சமாதானம் பண்ண வேண்டாம். சண்டை போடட்டும். தாய்ச்சி செய்யும்போது தாய்ச்சிக்காரியாகவே இருங்கள். ஸயா வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத அளவுக்கு. தோள் தளர்ந்து, மார்பு உள்வாங்கி, பார்வை தன் கையைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் ஒருத்தி, ஓர் அடியில் முழங்காலை நிமிர்த்தி, மார்பைத் திறந்து, கண்ணைத் தூக்கி எங்களைப் பார்க்கிறாள் என்று வையுங்கள். பின்வரிசையில் கதை பேசிக்கொண்டிருப்பவர்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்பார். எந்த அடியில் தாண்டுவது, எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் இருப்பது, எப்போது திரும்பி வருவது என்பதைத் தாய்ச்சியும் சொல்லித்தராது, சல்சாவும் சொல்லித்தராது. அது உங்கள் தீர்மானம். கதவைச் சாத்திக்கொண்டு ஆடும்போது நான் நானாக இருக்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த நீங்கள் மற்றவர்களுக்குத் தெரியப்போவது இந்தத் தாண்டல்களில்தான். அழகான கொக்குச் சிறகு எத்தனையோ பேருக்கு வரும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம். அத்தோவில் கோஸும் வெங்காயமும் பொரித்த பேஜோவும் தனித்தனியாகப் பல்லில் தட்டுப்படுவதால்தான் ருசி. பிசைந்ததில் தப்பில்லை, நீங்கள் கூழாக அரைத்துவிட்டீர்கள், அதுதான் கோளாறு.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரதம் கொஞ்சம் படித்திருப்பதால் இது உங்களுக்குச் சுலபம். சல்சாவின் எட்டு எண்ணிக்கையை ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் அப்படியே உட்காரவைக்கலாம். ஒரு கையால் தொடையில் ஆதி தாளம் போடுங்கள். மறுகையால் கிளாவே, அதாவது சல்சாவின் அடியில் ஓடும் ஐந்து தட்டுக் கணக்கை, தட்டுங்கள். 3-2 கிளாவே என்றால் ஒன்றில் ஒரு தட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் சரியாக நடுவில் ஒன்று, நான்கில் ஒன்று, பிறகு ஆறிலும் ஏழிலும். அந்த இரண்டாவது தட்டு முதலில் கையை விட்டு நழுவும். வந்துவிட்டால் பஸ்ஸிலும் விட மாட்டீர்கள். கால்கள் 1, 2, 3 வைத்துவிட்டு 4-இல் வைக்காது, 5, 6, 7 வைத்துவிட்டு 8-இல் வைக்காது. அந்த 4-உம் 8-உம்தான் தாய்ச்சி உள்ளே வரும் வாசல். இப்போது நீங்கள் அங்கே சும்மா காத்திருக்கிறீர்கள். காத்திருக்காமல், எடை தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கட்டும், மூச்சு வெளியே போகட்டும். கால் நின்றாலும் அசைவு நிற்காது. மூன்று வேக அடி, ஒரு நீண்ட இறக்கம். பார்ப்பவர்களுக்குச் சல்சா மாதிரியும் இருக்கும், அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று மாதிரியும் இருக்கும்.

தாய்ச்சிக்கு வெளித்தாளம் கிடையாது, மூச்சுதான். ஆகவே முழு உருப்படியையும் பாட்டு இல்லாமலும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். நம்மூரில் கரண்ட் போவதற்குப் பஞ்சமில்லை, அந்த நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு நின்றதும் உங்கள் ஆட்டத்தில் பாதி காணாமல் போனால், அந்தப் பாதியை ஆடியது பாட்டுதான்.

இசைத் தேர்வில் ஒரு வேண்டுகோள். தாய்ச்சிப் பகுதிக்குச் சீனப் புல்லாங்குழல், சல்சாப் பகுதிக்கு ட்ரம்பெட் என்று வெட்டி ஒட்டாதீர்கள். ஒரே பாட்டு போதும். பழைய கியூபா பாணிப் பாட்டு ஒன்றை, கிதாரும் குரலும் முன்னால் நிற்பதாக, எடுத்துக்கொள்ளுங்கள். உடையிலும் அதேதான். டிராகன் போட்ட பட்டுச் சட்டை, சரிகைப் பாவாடை எதுவும் வேண்டாம். பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் தமேன் கட்டிக்கொண்டு ஆடலாமா என்று யோசிப்பீர்கள் என்றால், அழகாக இருக்கும், ஆனால் தாய்ச்சியின் அகன்ற அடிக்கு அது விட்டுக்கொடுக்காது. தளர்ந்த கால்சட்டையும் சாதாரண மேல்சட்டையும் போதும்.

சல்சா வகுப்பில் நம்பிக்கையான தோழி யாராவது இருந்தால் இன்னொன்றும் செய்து பாருங்கள். தாய்ச்சியில் இருவர் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு தள்ளுகைப் பயிற்சி செய்வீர்கள் இல்லையா? எதிராளியின் எடை எங்கே போகிறது என்று தோலால் கேட்பது அது. சல்சாவில் ஜோடி ஆடும்போது பின்தொடர்பவர் செய்வதும் அதேதான். ஒரு பாட்டு முழுக்கத் தள்ளுகையின் தொடுதலோடு சல்சா ஆடுங்கள். தனி உருப்படிக்கு இது நேரடியாக உதவாது, ஆனால் கை பேசாமல் கேட்கப் பழகும்.

ஸயாவின் அனுமதி. இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. கலை யாருடைய சொத்தும் இல்லை. நீங்கள் காலையில் செய்யும் 24 அசைவு வடிவமே, 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து எடுத்துச் சுருக்கித் தொகுத்ததுதான். பழமையை யாரும் தொட்டதேயில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குப் பல வருஷமாகக் காலையில் கற்றுத்தரும் மனிதருக்கு, நீங்கள் செய்யப்போவதை அடுத்தவர் வாயால் கேட்கும் நிலை வரக் கூடாது. ஆகவே போய்ச் சொல்லுங்கள். மேலே சொன்ன மாதிரி திருத்திய பிறகு ஆடிக் காட்டுங்கள். நிகழ்ச்சியில் அவர் பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். அறிவிப்பில் தாய்ச்சி என்று போடாதீர்கள், தாய்ச்சியிலும் சல்சாவிலும் இருந்து உருவாக்கிய நடனம் என்று போடச் சொல்லுங்கள். அவர் கடைசிவரை பிடிக்கவில்லை என்றாலும் ஆடலாம். ஆனால் மறுநாள் காலையில் அவர் குழுவில் நிற்கும்போது அவர் சொல்லித்தந்தபடி மட்டுமே செய்ய வேண்டும். அங்கே இடுப்பு ஆடினால் அவர் கோபப்படுவது நியாயம்.

அம்மா கேட்கும் பரதம். அவரைச் சமாதானப்படுத்த நடுவில் இரண்டு அடவு சொருகிவிடலாம் என்று தோன்றும். சொருகாதீர்கள், உடனே தெரிந்துவிடும். உண்மையில் பரதம் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேகக் கைகளில் பாதங்கள் இரண்டும் இணையாக இருக்க வேண்டும். உங்கள் பாதங்கள் அரைமண்டியைப் போல வெளியே திரும்புகின்றன, முழங்கால் மட்டும் முன்னே பார்க்கிறது. வலிக்கு அதுவும் ஒரு காரணம். எல்லா இடத்திலும் பாதத்தை இணையாக்குங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், வேண்டுமென்றே, பாதத்தோடு முழங்காலையும் திறந்து அரைமண்டியாக உட்காருங்கள். பார்த்தால் அம்மாவுக்குத் தெரியும். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

சென்னையில் வாழ்ந்த சந்திரலேகாவைப் பற்றித் தேடிப் பாருங்கள். 1928-இல் பிறந்தவர், 2006-இல் மறைந்தார். முறையாகப் பரதம் கற்று ஆடியவர். 1985 முதல் அவர் அமைத்த நடனங்களில் பரதத்தோடு களரிப்பயட்டும் யோகாவும் வந்தன. நகை, ஒப்பனை, கதை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நிற்பதும் உட்காருவதும் எடை மாறுவதும் மட்டுமே மிச்சம் என்கிற அளவுக்குக் கொண்டுபோனார். அந்த நாளில் அவரைத் திட்டியவர்கள் உண்டு. தைவானில் 1973-இல் லின் ஹ்வாய்-மின் தொடங்கிய கிளவுட் கேட் குழுவினரும் தாய்ச்சி வழிப் பயிற்சியையும் மேற்கத்திய நடனத்தையும் சேர்த்தே பழகுகிறார்கள். வீடியோக்கள் கிடைக்கும். பார்க்கும்போது கைகளைப் பார்க்காதீர்கள், காலில் எடை எப்போது மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

உருப்படியின் நீளம் நான்கு நிமிடம் போதும். பொங்கல் விழாவில் உங்களுக்கு முன்னால் பிள்ளைகளின் கோலாட்டமும் பின்னால் பரிசளிப்பும் இருக்கும், யாருக்கும் பொறுமை இருக்காது. வீடியோவில் பத்துப் பன்னிரண்டு தாய்ச்சி அசைவுகளைக் காட்டுகிறீர்கள். மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். மேகக் கைகள், ஒற்றைச் சாட்டை, ஒற்றைக்காலில் நிற்கும் பொன்சேவல். சேவல் நிலையிலிருந்து கால் இறங்கும் அந்த அடிதான் உங்கள் முதல் தாண்டலுக்கு நல்ல இடம் என்று எனக்குப் படுகிறது. எடை ஏற்கெனவே முழுக்க ஒரு காலில் இருக்கிறது, அந்த முழங்கால் அப்படியே நிமிரலாம். ஆனால் நீங்கள் வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

விழா அமைப்பாளர்களிடம் இன்றே ஒன்றைக் கேட்டுவிடுங்கள், மேடையில் கம்பளம் விரிப்பார்களா என்று. நம் விழாக்களில் விரிக்காமல் விட மாட்டார்கள். கம்பளத்தில் எந்த ஷூவும் சுழலாது, முழங்கால்தான் சுழலும். உங்கள் உருப்படிக்கு மட்டும் சுருட்டிவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் சுழற்சிகளை எல்லாம் எடுத்துவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் தாய்ச்சி மாதிரி எடையை மாற்றித் திரும்புங்கள். திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், இந்த முறை பக்கவாட்டிலிருந்தும் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் குதிகால் எப்போது இறங்குகிறது என்று தெரியவில்லை.